செயின் மாற்றிய பின் சத்தம் வந்தால்…
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



நம்மில் பாதிப்பேர் டிப்ளமோ முடித்ததும் ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டரிலோ, சொந்த ஒர்க்‌ஷாப்பிலோ, பராமரிப்புப் பிரிவிலோதான் நிற்கப் போகிறோம். அங்கே முதல் மாதமே ஒரு ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "தம்பி, போன வாரம்தான் புது செயின் செட் போட்டேன். அதுக்கப்புறம்தான் இந்தச் சத்தம்" என்று சொல்லப் போகிறார். இது நிச்சயம். அப்போது நாம் என்ன செய்யப் போகிறோம்? காதை வைத்துப் பார்த்துவிட்டு "கியர்பாக்ஸ் போயிடுச்சு சார்" என்று சொல்லப் போகிறோமா, அல்லது படித்த படிப்பைப் பயன்படுத்தப் போகிறோமா? இந்தக் கேள்விக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சத்தத்தைக் காதால் கேட்பது அனுபவம். சத்தத்தை எண்ணிப் பார்ப்பது பொறியியல். அனுபவம் வர இருபது வருடம் ஆகும். எண்ணுவதற்கு ஒரு சாக்பீஸும் ஒரு இஞ்சு டேப்பும் போதும். இதுதான் நான் சொல்ல வருவது.

சக்தி போகும் வழி

தூரப் பயணத்துக்கு என்று வாங்கப்படும் 350, 400 சி.சி. வண்டிகளில் பெரும்பாலானவை செயின் வண்டிகளே. இன்ஜின் சக்தி கிளட்ச் வழியாகக் கியர்பாக்ஸுக்குப் போகிறது. கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்டில் முன் ஸ்ப்ராக்கெட். அதிலிருந்து செயின். செயினிலிருந்து பின் ஸ்ப்ராக்கெட். அந்த ஸ்ப்ராக்கெட் ஒரு கேரியரில் உட்கார்ந்திருக்கும். கேரியருக்கும் வீல் ஹப்புக்கும் நடுவில் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பர் துண்டுகள். அதற்குப் பிறகுதான் சக்கரம், டயர், ரோடு. இந்த வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும். ஏனென்றால் சத்தம் தேடுவது என்பது இந்த வரிசையில் எந்த இடத்தில் என்று தேடுவதுதான்.

இன்று நாம் பார்க்கும் ரோலர் செயினுக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் செய்த ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-ல் புஷ் ரோலர் செயினுக்குக் காப்புரிமை பெற்றார். நம் சைக்கிள் முதல் பெரிய பைக் வரை இன்றும் அதே அமைப்புதான்: பின், புஷ், ரோலர், உள் தகடு, வெளித் தகடு. பெரிய வண்டிகளில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸை அடைத்து, அது வெளியே வராமல் இருக்கத் தகடுகளுக்கு இடையே ஓ-ரிங் என்ற சின்ன ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். இந்த வளையத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும்.

செயின் மேல் 428, 520, 525, 530 என்று எண் அடித்திருக்கும். பலபேர் இதை ஏதோ கம்பெனி நம்பர் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் எண் இரண்டு பின்களுக்கு இடைப்பட்ட தூரத்தை, அதாவது பிட்ச்சை, எட்டில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் சொல்கிறது. 4 என்றால் 4/8 அங்குலம், 12.7 மி.மீ. 5 என்றால் 5/8 அங்குலம், 15.875 மி.மீ. அடுத்த இரண்டு எண்கள் உள் அகலத்தைக் குறிப்பவை. 520 செயினில் அது 1/4 அங்குலம், 525-ல் 5/16, 530-ல் 3/8. ஆகவே 520 ஸ்ப்ராக்கெட்டில் 525 செயினைப் போட்டால் பிட்ச் பொருந்தும், செயின் ஓடும், ஆனால் பக்கவாட்டில் ஆடும். "பொருந்திடுச்சே" என்று விட்டுவிட்டால் சத்தம் வராமல் என்ன செய்யும்?

குற்றமில்லாத சத்தம்

எல்லாச் சத்தமும் கோளாறு இல்லை. இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளருக்கும் சொல்ல வேண்டும்.

ஸ்ப்ராக்கெட் மேல் செயின் வட்டமாகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு கண்ணியும் நேர்கோடு என்பதால் அது பல கோணமாகத்தான் சுற்றுகிறது. 15 பல் ஸ்ப்ராக்கெட் என்றால் செயினுக்கு அது 15 பக்கம் உள்ள ஒரு பலகோணம். மூலை மேலே வரும்போது செயின் கொஞ்சம் வேகமாகவும், பக்கம் மேலே வரும்போது கொஞ்சம் மெதுவாகவும் இழுக்கப்படுகிறது. மெஷின் தியரி வகுப்பில் படித்த கணக்குதான்: 1-லிருந்து, 180-ஐப் பல் எண்ணிக்கையால் வகுத்த கோணத்தின் கொசைனைக் கழித்தால் வேகம் எந்த அளவு குறைந்து கூடுகிறது என்று கிடைக்கும். 15 பல்லுக்கு 2.2 சதவீதம். 13 பல்லுக்கு 2.9 சதவீதம். 38 பல்லுக்கு 0.3 சதவீதம்தான். எனவே சத்தத்தில் பெரும் பங்கு முன் ஸ்ப்ராக்கெட்டுடையது. "பிக்கப் வேணும்" என்று முன்பக்கம் பல் குறைத்துப் போடுபவர்களுக்கு இந்த ஊளைச் சத்தமும் இலவசமாகக் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். பழைய செயின் தொய்ந்து, தட்டி, கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த வரையில் மற்ற சத்தங்கள் அதற்குள் மறைந்திருக்கும். புது செயின் போட்டதும் கடகடப்பு நின்றுவிடும். அப்போதுதான் பல மாதமாகத் தேய்ந்துகொண்டிருந்த வீல் பேரிங் காதுக்குக் கேட்க ஆரம்பிக்கும். போதாததற்கு, காசு கொடுத்துப் பாகம் மாற்றிய மனிதர் அன்றைக்கு வண்டியை முழுக் கவனத்தோடு கேட்டு ஓட்டுவார். ஆகவே "மாற்றிய பிறகு வந்த சத்தம்" என்பதும் "மாற்றியதால் வந்த சத்தம்" என்பதும் ஒன்றல்ல. ஆனால், கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பார் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்களே, அதுவும் பொய்யல்ல. இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு அளவுகோல் வேண்டும். அது அடுத்து.

ரோட்டில் சாக்பீஸ்

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் ஸ்ப்ராக்கெட் 15 பல், பின் ஸ்ப்ராக்கெட் 38 பல், செயினில் 100 கண்ணி. பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோடு தரையைத் தொடும் இடத்தில் தரையிலும் ஒரு கோடு போட்டு, வண்டியை நியூட்ரலில் தள்ளி, டயர் கோடு மறுபடி தரையைத் தொடும்போது இன்னொரு கோடு போடுங்கள். நடுவில் உள்ள தூரம் 2 மீட்டர் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இனி மனக்கணக்குதான்.

பின் சக்கரம் ஒரு சுற்றுக்கு 38 கண்ணிகளை இழுக்கிறது. ஆகவே:

ஒரு பல்லுக்கு வண்டி நகரும் தூரம்: 205-ஐ 38-ஆல் வகுத்தால் சுமார் 5.4 செ.மீ.
முன் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுக்கு: 15 பல் × 5.4 = சுமார் 81 செ.மீ.
பின் சக்கரம் ஒரு சுற்றுக்கு: 205 செ.மீ.
செயின் முழுதாக ஒரு சுற்றுக்கு: 100 கண்ணி × 5.4 = சுமார் 540 செ.மீ.

இந்த நான்கு எண்களும் ஒன்றோடு ஒன்று குழம்பாதவை. இப்போது வண்டியை மெதுவாகத் தள்ளுங்கள். 'டிக்' என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் கூட வரும் நண்பர் பின் ஆக்சிலுக்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு போடட்டும். பத்துப் பதினைந்து கோடு விழுந்ததும் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

81 செ.மீ.க்கு ஒருமுறை என்றால் முன் ஸ்ப்ராக்கெட், அதன் லாக் தகடு, நட்டு, கியர்பாக்ஸ் வெளி ஷாஃப்ட். 205 செ.மீ.க்கு ஒருமுறை என்றால் பின் ஸ்ப்ராக்கெட், சக்கரம், டிஸ்க் அல்லது டிரம். 540 செ.மீ.க்கு ஒருமுறை என்றால் செயினில் ஏதோ ஒரே ஒரு கண்ணி. 5.4 செ.மீ.க்கு ஒருமுறை, அதாவது எண்ணவே முடியாமல் 'கிர்ர்' என்று தொடர்ந்து வந்தால், ஒவ்வொரு பல்லிலும் சத்தம். செயின் டைட்டாக இருக்கிறது, அல்லது சக்கரம் கோணலாக நிற்கிறது, அல்லது புது செயினைப் பழைய பல்லில் போட்டிருக்கிறார்கள். எதிலும் சேராமல் 2 மீட்டர் 15, 20 என்று ஏதாவது வந்தால் முன் சக்கரத்தையும் ஒருமுறை அளந்து பாருங்கள். பயண வண்டிகளில் முன் சக்கரம் பெரியது. சத்தம் முன்னாலிருந்து வந்துகொண்டிருக்கும், நாம் பின்னால் தேடிக்கொண்டிருப்போம்.

கைப்பேசி வைத்திருப்பவர்கள் இதையே ஸ்லோ மோஷன் வீடியோவாகவும் எடுக்கலாம். ஆனால் தரையில் விழுந்த சாக்பீஸ் கோடு வாடிக்கையாளரும் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி. அதற்கு ஈடில்லை.

வேகமாகப் போகும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு

தள்ளும்போது கேட்காத ஊளை, இரைச்சல் எல்லாம் ஓட்டும்போதுதான் வரும். அதற்கு வேறு சோதனைகள் இருக்கின்றன. காலியான ரோட்டில், ஹெல்மெட்டோடு, ஒருவர் மட்டும் ஓட்ட வேண்டும்.

ஒன்று: நின்ற இடத்தில் நியூட்ரலில் இன்ஜினை முறுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் அது செயினுக்கு முந்தைய சமாச்சாரம்.

இரண்டு: மணிக்கு 40 கி.மீ.யில் மூன்றாம் கியரிலும் அதே 40-ல் நான்காம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் வேகம் மாறியும் ஊளையின் சுருதி மாறவில்லை என்றால், அது ரோடு வேகத்தோடு போகிற பொருள்: வெளி ஷாஃப்ட், செயின், சக்கரம். சுருதி மாறினால் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸின் உள் ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். நம் உதாரண வண்டி 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு சுமார் 309 பற்களைக் கடக்கிறது. 40-ல் சுமார் 206. ஊளை வேகத்தோடு சீராக ஏறி இறங்குவது இதனால்தான்.

மூன்று: கிளட்சைப் பிடித்து உருளவிடுங்கள். சத்தம் தொடர்ந்தால் கிளட்சுக்குப் பின்னால் இருப்பது. ஒரு எச்சரிக்கை: கிளட்சைப் பிடித்தாலும் சக்கரம் செயினை இழுக்கும், செயின் வெளி ஷாஃப்டை இழுக்கும். எனவே இந்தச் சோதனையை மட்டும் வைத்து "கியர்பாக்ஸ் நல்லா இருக்கு" என்றும் சொல்லக்கூடாது, "போச்சு" என்றும் சொல்லக்கூடாது.

நான்கு: ஆக்சிலேட்டரைத் திறந்து மூடும்போது மட்டும் 'டொக்' என்று ஒரே ஒரு அடி விழுந்தால், ஹப் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது செயின் தொய்வு அதிகம்.

ஐந்து, கடைசி நீதிமன்றம்: செயினை இறக்கிவிட்டு, பின் சக்கரத்தைத் தனியாகவும் முன் ஸ்ப்ராக்கெட்டைத் தனியாகவும் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைப்பது போல் விரலுக்குத் தெரிந்தால் பேரிங் குற்றவாளி. வெண்ணெய் மாதிரி சுற்றினால் அவை நிரபராதிகள்.

ஒரு உண்மை வழக்கு

விடுமுறைகளில் நான் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் கை உதவி செய்வது வழக்கம். திண்டுக்கல் பக்கம், மெயின் ரோட்டை ஒட்டிய கடை. சென்ற ஏப்ரல் கடைசியில் ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். 400 சி.சி. பயண வண்டி. மே விடுமுறையில் லடாக்கின் லே வரை போவதாக மூன்று வருடமாகப் பணம் சேர்த்திருக்கிறார். ஒரு வழிக்கே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கிளம்ப எட்டு நாள்தான் இருந்தது. பயணத்துக்காகவே வேறொரு ஊரில் புது செயின், முன் பின் ஸ்ப்ராக்கெட் எல்லாம் மாற்றியிருக்கிறார். மறுநாளிலிருந்து மெதுவாகப் போனால் 'டிக்… டிக்…'. நாற்பதைத் தாண்டினால் ஊளை. மாற்றிய இடத்திலேயே காட்டியிருக்கிறார். "செயின் புதுசு சார், அதுல ஒண்ணும் இருக்காது. கியர்பாக்ஸ் பேரிங் போயிருக்கு. இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும், 14,000 ஆகும், பத்து நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டார்களாம்.

மனிதர் முகத்தில் உயிரே இல்லை. "பணம் கூடப் பரவால்லை தம்பி, லீவு போயிடும். அடுத்த வருஷம் எனக்கு முட்டி இப்படி இருக்குமான்னு தெரியாது" என்றார்.

மாமா எதையும் கழற்றவில்லை. "மாப்ளே, உன் சாக்பீஸை எடு" என்றார். பல் எண்ணினோம்: 15, 38. கண்ணி எண்ணினோம்: 100. டயர் ஒரு சுற்று அளந்தோம்: 205 செ.மீ. (மேலே சொன்ன உதாரணக் கணக்கு இந்த வண்டியுடையதுதான்.) கடைக்கு முன்னால் உள்ள சிமெண்ட் ரோட்டில் வாத்தியார் தள்ள, நான் கோடு போட்டுக்கொண்டே போனேன். 'டிக்' ஆறு முறை கேட்டது. இடைவெளிகளை அளந்தோம். 541, 538, 540, 542, 539.

முன் ஸ்ப்ராக்கெட்டோ வெளி ஷாஃப்ட் பேரிங்கோ தட்டினால் 81 செ.மீ. கணக்கில் கோடு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. 540 என்பது செயினின் ஒரு சுற்று. நூறு கண்ணியில் ஒரே ஒரு கண்ணி.

எது அந்தக் கண்ணி? சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினோம். பின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் எல்லாக் கண்ணியும் நேராக நிமிர்ந்து வந்தது. ஒன்று மட்டும் முழங்கையை மடக்கிக்கொண்டு வருவது போல் மடங்கியே வந்து, சிறிது தள்ளி 'டிக்' என்று நிமிர்ந்தது. அது வேறு எதுவுமில்லை; புது செயினை இணைத்த ரிவெட் கண்ணி. வெர்னியரால் வெளித் தகடுகளின் மேல் அகலத்தை அளந்தோம். பக்கத்துக் கண்ணிகளைவிட 0.4 மி.மீ. குறைவு. அதாவது ரிவெட் அடிக்கும்போது தகட்டை அளவுக்கு மீறி அழுத்திவிட்டிருக்கிறார்கள். ஓ-ரிங் நசுங்கி ஓரத்தில் பிதுங்கியிருந்தது.

0.4 மி.மீ. என்பது ஒரு கூழாங்கல் அளவு கூட இல்லை. ஆனால் அதன் விலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நசுங்கிய ஓ-ரிங் சீக்கிரம் அறுந்துவிடும். கிரீஸ் வெளியேறும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். அந்த ஒரு பின் மட்டும் உலர்ந்து தேயும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மலை ரோட்டில், இரண்டு பேரும் லக்கேஜும் ஏறிய வண்டியில் அந்தக் கண்ணி அறுந்தால்? அறுந்த செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு கிராங்க்கேஸை உடைக்கலாம், பின் சக்கரத்தை அப்படியே பூட்டியும் விடலாம். கியர்பாக்ஸைப் பிரித்துப் பேரிங் மாற்றி 14,000 வாங்கியிருந்தாலும் இந்தக் கண்ணி அப்படியேதான் இருந்திருக்கும். டிக் சத்தம் மட்டும் தொடர்ந்து எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கும்.

இரண்டாவது சத்தம், அந்த ஊளை? ஒரு காரணம் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது என்பது இங்கேதான் தெரிந்தது. ஸ்டாண்டில் செயின் தொய்வை அளந்தால் 15 மி.மீ. அந்த வண்டிக் கையேடு கேட்பது அதைவிட அதிகம். வாத்தியாரையும் என்னையும் சீட்டில் உட்காரவைத்து மாமா பார்த்தார். செயின் வீணைத் தந்தி மாதிரி விறைத்துவிட்டது.

காரணம் எளிது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் மிக அதிகம். ஸ்டாண்டில் நிற்கும்போது சக்கரம் கீழே தொங்குகிறது; தூரம் குறைவு; செயின் தளர்வாகத் தெரிகிறது. பாரம் ஏறி ஷாக் அமுங்கும்போது மூன்றும் நேர்கோட்டுக்கு வருகின்றன. அப்போது செயினுக்கு நீளம் போதாது. துணி காயப்போடும் கொடியை ரொம்ப இழுத்துக் கட்டினால் ஒரு ஈரத்துண்டைப் போட்டதுமே சுவரில் அடித்த ஆணி பிடுங்கிக்கொண்டு வருமே, அதே கதை. இங்கே ஆணி என்பது வெளி ஷாஃப்ட் பேரிங். இப்படியே ஓட்டியிருந்தால் இல்லாத கியர்பாக்ஸ் கோளாறு உண்மையாகவே வந்திருக்கும்.

பிறகு செய்தவை: செயினை இறக்கி, முன் ஸ்ப்ராக்கெட்டையும் சக்கரத்தையும் தனித்தனியே சுற்றிப் பார்த்தோம், இரண்டும் சுத்தம். புது ரிவெட் கண்ணி, நான்கு புது ஓ-ரிங், கிரீஸ். தகட்டை வெர்னியர் வைத்து வைத்துப் பக்கத்துக் கண்ணி அகலம் வரை மட்டும் அழுத்தி, பின்னை விரித்தோம். கொத்தனார் நூலைப் பிடித்துச் சக்கரத்தை நேராக்கினோம். கையேட்டுப்படி தொய்வு வைத்து, ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கி, மறுபடி தொய்வு பார்த்தோம். நட்டு இறுகும்போது தொய்வு மாறும் என்பதால் இரண்டாவது முறை பார்ப்பது கட்டாயம்.

'டிக்' போய்விட்டது. ஊளை முக்கால்வாசி போய்விட்டது. மீதியைக் காட்டி வாத்தியார், "இது?" என்றார். "இது புதுப் பல்லும் புது ரோலரும் பேசிக்கிறது சார், இது இருக்கும்" என்றார் மாமா. ஐந்நூறு கிலோமீட்டரில் தொய்வை ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி எழுதியும் கொடுத்தார். கூலியும் கண்ணியும் சேர்த்து ஆயிரத்தைத் தொடவில்லை. வாத்தியார் குறித்த நாளில் கிளம்பினார். ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம் வண்டியோடு வந்து, முகம் கறுத்து, சிரித்துக்கொண்டு நின்றார்.

மாற்றிய உடனே பார்க்க வேண்டியவை

செயின் செட் மாற்றிய வண்டியில் சத்தம் என்றால் கீழ்க்கண்டவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். செலவில்லாதவை முதலில், செலவுள்ளவை கடைசியில்.

1. செயின் கார்டும் செயின் உரசாமல் இருக்கப் போட்ட ரப்பர் பட்டையும் சரியாக மாட்டப்பட்டுள்ளனவா? பாதிச் சத்தம் இங்கேயே தீரும்.

2. தொய்வு எவ்வளவு? பல வண்டிகளுக்கு 25 முதல் 40 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு, ஸ்டாண்டில் அளப்பதா தரையில் அளப்பதா என்பதைக் கையேட்டில் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடத்தில் அளக்கவும். ஒரே இடத்தில் அளப்பது அளக்காததற்குச் சமம்.

3. சக்கரம் நேரா? ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். பிவட் மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். கோணலாக ஓடிய ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கத்தில் மட்டும் பளபளக்கும்.

4. இணைப்புக் கண்ணி மடங்குகிறதா? கிளிப் வகை என்றால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

5. முன் ஸ்ப்ராக்கெட் திருப்பிப் போடப்பட்டிருக்கிறதா? சில ஸ்ப்ராக்கெட்டுகளில் ஒரு பக்கம் மட்டும் மேடு இருக்கும். திருப்பினால் செயின் கோடு சில மி.மீ. நகர்ந்துவிடும். லாக் தகடு மடக்கப்பட்டுள்ளதா?

6. கேரியரிலும் ஆக்சிலிலும் உள்ள காலர், ஸ்பேசர் எல்லாம் தத்தம் இடத்தில் உள்ளனவா? வேலை முடிந்ததும் தட்டில் ஒரு காலர் மிச்சமிருந்தால், "இது எக்ஸ்ட்ரா" என்று சொல்லாதீர்கள். கம்பெனி எக்ஸ்ட்ரா கொடுப்பதில்லை.

7. ஹப் ரப்பர்கள், கேரியர் பேரிங், வீல் பேரிங்.

8. இவை எல்லாம் சரி என்று நிரூபித்த பிறகே கியர்பாக்ஸ்.

கை விரல் பத்திரம்

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் வண்டியைக் கியரில் ஓடவிட்டு, துணியால் செயினைத் துடைப்பதையும், கிட்டே குனிந்து சத்தம் கேட்பதையும் பல கடைகளில் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து நாம் செய்யக் கூடாது. துணி பல்லில் மாட்டினால் துணியோடு விரலும் போகும், கத்துவதற்குள் முடிந்துவிடும். செயின் பக்கம் கை போகிறது என்றால் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும், சக்கரம் கையால் மட்டுமே சுற்ற வேண்டும். கையால் சுற்றும்போதும் விரல் ஸ்ப்ராக்கெட் அருகே போகக் கூடாது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய முறை நல்ல முறைதான். அதை நியூட்ரலில் ஓடும் இன்ஜின் கேஸின் மேல் மட்டும் பயன்படுத்துங்கள்.

முடிவாக

நம் மாநிலத்தில் பைக்கும் தயாராகிறது, கோவையிலும் சென்னையிலும் செயினும் தயாராகிறது. தயாரிக்கும் இடத்தில் மைக்ரான் கணக்கு பார்க்கிறார்கள். மாட்டும் இடத்தில் "குத்துமதிப்பா" என்கிறோம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் டிப்ளமோ படித்தவன் வேண்டும்.

"தியரி வேற, பிராக்டிகல் வேற" என்று நம்மிடம் அடிக்கடி சொல்வார்கள். பல்லை எண்ணுவது, வகுப்பது, பெருக்குவது இவைதான் மேலே நான் சொன்ன மொத்த தியரியும். அது ஒரு மனிதருக்கு 14,000 ரூபாயையும், மூன்று வருட ஆசையையும், ஒருவேளை உயிரையும் காப்பாற்றிக் கொடுத்தது. வாடிக்கையாளருக்கு நம் பட்டயம் எந்த வகுப்பில் தேறியது என்று தெரியாது. எதையாவது கழற்றுவதற்கு முன்னால் நாம் அளந்தோமா என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

எனவே நண்பர்களே, ஸ்பானரை எடுக்கும் முன் சாக்பீஸை எடுங்கள். சத்தம் எதனோடு தாளம் போடுகிறது என்று பாருங்கள். எண்ணுங்கள், பிறகு கழற்றுங்கள்.